கருங்கடல் சொறிக்குப் பரவைக்கடல் கயிறு

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். துருக்கியில், கருங்கடலின் தென்கரையில், மழை விட்டு விட்டுப் பெய்யும் ஒரு சிறிய துறைமுகத்தில் வலைக் கொட்டகை ஒன்று கட்டினேன். அதன் பின்னால் ஐஸ் அறை கட்டினேன். மலைச்சரிவில் வீடு கட்டாதே, மண் சரியும் என்றார்கள். கட்டினேன். இன்றைக்கும் நிற்கிறது, மேலே ஒரு மாடியும் ஏற்றிவிட்டேன். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. அந்தக் கரையில் இறங்கியபோது என்னிடம் இடுப்பில் கட்டிய ஒரு சாரமும் வலை பொத்தும் ஊசியும்தான் இருந்தன. எங்கள் கப்பலின் முதலாளி கப்பலையும் எங்களையும் அந்தத் துறையில் கைவிட்டுப் போயிருந்தான். மற்றவர்கள் எல்லாரும் முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. கரையில் கிழிந்து கிடந்த வலை ஒன்றை இழுத்து வைத்துப் பொத்தத் தொடங்கினேன். பிறகு அந்த வலைச் சொந்தக்காரரின் மகளைத்தான் கட்டினேன்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குத் தமிழில் தெரிந்தவை சோறு, வா, போதும் என்ற சொற்கள்தான். மகன்மார் இருவருக்கும் அதுவும் இல்லை. கொட்டகையில் தனியாக இருக்கும்போது வலைகளோடு தமிழில் கதைப்பேன். வலை நல்ல ஆள். குறுக்கே பேசாது.

எண்பதுகளில் அந்தக் கடலுக்கு ஒரு சாமான் வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும், நுங்கு போல வழுக்கும், பக்கத்தில் வரிவரியாக மின்னும். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில், எங்கள் ஊரில், ஜெல்லி மீனைச் சொறி என்போம், பட்டால் சொறிய வைப்பதால். இதுவும் அதன் சாயல்தான், ஆனால் அந்த இனம் இல்லையாம், கடிப்பதும் இல்லை. அமெரிக்கப் பக்கத்துக் கப்பல்கள் பாரத்துக்காக அடித்தொட்டியில் ஏற்றி வந்த தண்ணீரோடு வந்ததென்று படித்தவர்கள் சொன்னார்கள். நானும் கப்பலில் வந்து இறங்கியவன்தான். ஆனால் நான் யாருடைய முட்டையையும் தின்னவில்லை. இது நெத்தலியின் முட்டையைத் தின்றது, குஞ்சுகளின் தீனியையும் தின்றது. கருங்கடல் நாலு பக்கமும் கரை சூழ்ந்த கடல், ஒரு சின்ன வாசல்தான் அதற்கு. வந்தது போகவில்லை, பெருகியது.

அந்த ஊர்க்காரருக்கு நெத்தலி என்றால் உயிர். பொரிப்பார்கள், சோற்றில் போடுவார்கள், சோள மாவில் பிசைந்து பாண் ரொட்டி கூடச் சுடுவார்கள். அந்த நெத்தலி குறைந்து போனது. மிச்சம் இருந்ததும் சொறியோடு சேர்ந்தே வலைக்கு வந்தது. வலை கனத்துக் கிழியும், உள்ளே இருப்பது கூழ்.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அள்ளிக் கரையில் கொட்டினார்கள், அது தண்ணீராக உருகித் திரும்பக் கடலுக்கே ஓடியது. வள்ளத்து எஞ்சின் விசிறியால் வெட்டினார்கள், வெட்டுப்பட்ட துண்டு ஆறி மீண்டும் நீந்தியது. இதைத் தின்னும் வேறொரு பிராணியைக் கொண்டு வந்து விடலாம் என்று பெரிய ஊர்களில் கூடிப் பேசினார்களாம். அந்தப் பிராணி பெருகினால் அதைத் தின்ன எதைக் கொண்டு வருவது என்று பேச்சு அங்கேயே நின்றது.

எனக்கு மட்டும் ஒரு வழி தெரிந்திருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் புகுந்து கிடக்கும் ஆழமில்லாத கடலுக்குப் பரவைக்கடல் என்று பெயர். இடுப்பளவு தண்ணீரில் நடந்தே மீன் பிடிக்கலாம். வாடைக் காற்றில் பருத்தித்துறைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நானும் என் அண்ணன் கந்தையாவும் அங்கே போய் வாடி என்கிற ஓலைக் குடிசை போடுவோம். சொறி நிறைந்த நாட்களில் நீளக் கயிறொன்றில் ஓலைகளைத் தொங்கவிட்டு, இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு வலையை நோக்கி நடப்போம். மீன் ஓலையைக் கண்டு மிரண்டு வலைக்குள் ஓடும். சொறி நின்ற இடத்தில் நிற்கும். சொறிக்குக் கண் இல்லை. இதைக் கண்டு சொன்னவன் நான்.

அந்தக் கயிற்றைத் துருக்கியிலும் கட்டினேன். பிளாஸ்டிக் கீற்று, மிதவை, ஈயம் எல்லாம் போட்டு இரண்டு வள்ளங்களால் இழுத்தேன். நெத்தலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துறைமுகத்து எஞ்சினியர் கரையில் நின்று சிரித்தார். மூத்த மகன் சிரிக்கவில்லை. “அப்பா, வரும் குளிர்காலத்திலும் வலை இப்படியே வந்தால் கொட்டகையை விற்றுத் தேநீர்க் கடை போடுவோம்” என்று அவனுடைய மொழியில் சொன்னான். கயிற்றில் எதையோ மறந்திருக்கிறேன், அதைத் தெரிந்தவர்கள் ஊரில்தான் இருப்பார்கள். புறப்பட்டேன்.

*

இந்திய இராணுவம் கப்பலேறிப் போன பிறகு, அடுத்த சண்டை தொடங்குவதற்கு முன்னால், சில மாதங்கள் பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு றெயில் ஓடியது. யன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த நான் வாயை மூடவில்லை. எதிரே ஒரு வாத்தியார், பக்கத்தில் அவர் மனைவி. கட்டிய வீட்டையும் ஐஸ் அறையையும் சொன்னேன், சொறியையும் சொன்னேன். தமிழ் எங்கோ அடைபட்டுக் கிடந்து உடைத்துக்கொண்டு வந்தது போல வந்தது.

வாத்தியார் நெடுநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் நாட்டை விட்டுப் போறதுக்கு வழி கேக்கினம். நீங்கள் சொறிக்கு வழி கேட்டு வாறியள்.”

அவர் மனைவி அவருடைய காதுக்குள், ஆனால் எனக்கும் கேட்கும்படி, “பாவம், கதைக்க ஆளில்லைப் போலை” என்றாள். இடியப்பப் பார்சலைப் பிரித்து எனக்கும் ஒரு பங்கு வைத்தாள். சம்பல் உறைப்பில் கண்ணீர் வந்தது. உறைப்பில்தான்.

வவுனியாவில் எல்லாரையும் இறக்கிப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பையில் மாதிரிக் கயிறும் அதில் கோத்த ஈயக் குண்டுகளும் இருந்தன. ஆமிக்காரன் ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். வாத்தியார் மெதுவாக என்னை விட்டு நகர்ந்து நின்றார். ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான், கப்பலில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் நான் பதில் சொன்னேன்.

“இது எதற்கு?”

“மீனுக்கு.”

“துருக்கியில் மீன் இல்லையா?”

“இல்லை. அதனால்தான் வந்தேன்.”

அவன் மற்றவர்களுக்கு அதைத் திருப்பிச் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். தன் தகப்பனும் கடற்கரைக்காரன்தான் என்று சொல்லிக் குண்டைத் திரும்பப் பைக்குள் போட்டான். அதற்குள் றெயில் ஊதிவிட்டது. ஓடிப்போய் ஏறியதில் ஒரு செருப்பு தண்டவாளத்தோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். பழைய பஸ் ஒன்று வல்லை வெளியின் காற்றில் சாய்ந்து சாய்ந்து நெல்லியடிக்குப் போனது, அங்கே நின்று இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போனது. கூரையில் ஏற்றிய வாழைக்குலையின் பால் கூரை ஓட்டையால் என் தலைக்கு நேரே ஒழுகிக்கொண்டு வந்தது.

*

அண்ணன் செத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மனைவி, என் மச்சாள் இராசம்மா, சந்தையில் கருவாடு விற்கிறாள் என்று கேள்விப்பட்டு நேரே அங்கே போனேன். தராசுக்குப் பின்னால் இருந்தாள். எழும்பவில்லை.

“ஆர், செல்லத்துரையே? தலைமயிர் எங்கை?”

“துருக்கியிலை விட்டிட்டு வந்திட்டன், மச்சாள்.”

“செருப்பு?”

“அது வவுனியாவிலை.”

“நல்லகாலம், வேட்டி மிஞ்சினது.” பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். என்ன விஷயமாக வந்தேன் என்று கேட்டாள். சொன்னேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “கொண்ணை செத்ததுக்கு வராத மனிசன் மீன் செத்ததுக்கு வந்திருக்கிறீர்.”

அண்ணன் செத்த வருடம் கொழும்புக்கு வடக்கே காகமும் பறக்க முடியாத நிலை, இது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு கட்டுப் பாரைக் கருவாடு வாங்கப்போனேன். தரமாட்டேன் என்றாள். “வீட்டை வாரும். அங்கை கிடக்கு.”

வீட்டில் அண்ணனுடைய படத்துக்கு எதிரேதான் எனக்குப் பாய் போட்டுத் தந்தாள். படத்தில் அவர் என்னைவிட இளையவராக இருந்தார்.

*

அடுத்த நாள் கொடிகாமம் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஒருவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கச்சாய்க் கரைக்குப் போனேன். அங்கேதான் நாங்கள் வாடி போடுவது. பரவைக்கடல் தகடு போல விரிந்து கிடந்தது. களங்கண்டி வலை கட்டும் தடிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு தடியிலும் ஒரு நீர்க்காகம். சொறி வந்திருந்தது. தண்ணீருக்குள் வெள்ளைக் குடைகள் மாதிரி நூறு நூறாக மிதந்தன. எனக்கு நல்ல சந்தோசம்.

வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவன் பெயர் யோகன். நாற்பது வயதிருக்கும், வெற்றிலை வாய். பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர்.

“தம்பி, சொறி வந்தால் என்ன செய்யிறனீங்கள்?” என்று கேட்டேன்.

“கந்தையற்ரை கயிறு போடுவம்.”

கந்தையருடைய கயிறு. “எந்தக் கந்தையர்?”

“பருத்தித்துறைக் கந்தையர். அருமையான மனிசன். அவர்தான் உதைக் கண்டுபிடிச்சவர். இந்தக் கரை முழுக்க உதுதான் பாவிக்கினம்.”

“நான் அவற்ரை தம்பி. கண்டுபிடிச்சது நான்.”

யோகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “தம்பியோ? அவருக்கு ஒரு தம்பி இருந்தவர், கப்பலிலை போய்ச் செத்துப்போனார் எண்டெல்லோ கதை.”

“செத்தவன்தான் கதைக்கிறன்.”

“அப்ப அப்புவுக்குத் தேத்தண்ணி வேண்டாம் போலை” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். தேநீர் மட்டும் தந்தார்கள், பனங்கட்டியோடு.

எனக்குத் தேநீர் பெரிதில்லை. ஒரு கரை முழுக்க ஒரு பொருளைப் பாவிக்கிறது, அதில் என் பேர் இல்லை. விளக்கிச் சொன்னேன். அண்ணன் கயிறு இழுத்தது உண்மை. ஆனால் ஓலையைப் பார்த்து மீன் ஓடுகிறது, சொறி ஓடவில்லை, ஆகவே அதற்குக் கண் இல்லை என்று சொன்ன வாய் இந்த வாய். அவர்கள் தலையாட்டினார்கள், குழந்தைக்கு ஆட்டுவது போல. நம்பவில்லை என்று தெரிந்தது. “காட்டுறன் பார்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். சொறியை எடுத்துத் திருப்பிக் காட்டினால் கண் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வார்களே.

“அப்பு, தொடாதேங்கோ!” என்று யோகன் கத்தினான்.

துருக்கிச் சொறியை நான் ஒரு நாளைக்கு எத்தனை வாளி அள்ளுகிறவன். எனக்குப் புத்தி சொல்ல வருகிறான் என்று நினைத்து, இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தேன்.

ஊர்ச் சொறி கடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கைக்குத்தான் மறந்து போயிருந்தது. கையிலிருந்து முழங்கை வரை நெருப்பு. காலிலும் இரண்டு சுற்றிக்கொண்டன. வேறொருவன் என்றால் அலறியிருப்பான். நான் கரைக்கு வந்த பிறகுதான் விழுந்தேன். யோகன் ஓடிப்போய் வினாகிரிப் போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினான். இன்னொருவன் விசிறினான்.

“வெளிநாட்டுச் சொறியோடை கைகுலுக்கிப் பழகிட்டார்” என்றான் யோகன். “எங்கடை சொறிக்கு உந்த மரியாதையெல்லாம் தெரியாது, அப்பு.”

“கண் இல்லாட்டியும் ஆளைத் தெரியுதெல்லோ” என்றான் மற்றவன்.

கயிற்றைப் பார்க்காமலே என்னைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

*

கை வீங்கி ஒரு கிழமை கிடந்தேன். மச்சாள் சந்தைக்குப் போகுமுன் புட்டவித்து வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து திரளி மீன் குழம்பு வைப்பாள். துருக்கியில் மீன் மீது எலுமிச்சம்பழம்தான் பிழிவார்கள், குழம்பு என்று ஒன்று இல்லை. நானே வைத்தாலும் தனியாக உட்கார்ந்து தின்ன முடியாது. இங்கே அவள் எதிரே இருந்து, “இன்னும் போடட்டோ? ஏன் கோழி கொத்திறது மாதிரிக் கொத்துறீர்?” என்று ஏசிக்கொண்டிருந்தாள். அந்த ஏச்சைக் கேட்பதற்காகவே மெதுவாகச் சாப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் அவள் என் பையை ஒதுக்கி வைக்கப்போய், மாதிரிக் கயிற்றை வெளியே இழுத்தாள். விரித்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“இதென்ன, ஆற்ரை செத்த வீடு?”

எனக்கு விளங்கவில்லை.

“இது செத்த வீட்டுத் தோரணமெல்லோ! நெடுக இழுத்துக் கட்டியிருக்கு. குருவி எங்கை? மடிப்பு எங்கை? உதைக் கண்டு மீன் என்னத்துக்கு ஓடும்? சுத்தி நிண்டு ஒப்பாரி வைக்கும்.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் கட்டும் தோரணத்தில் குருத்தோலையைக் கீறி, மடித்து, குருவி மாதிரி ஒரு முடிச்சு வைப்பார்கள். துக்க வீட்டுத் தோரணம் வேறு விதம். ஓலை வெறுமனே நீளத்துக்குத் தொங்கும். நான் கருங்கடலில் கட்டியது முழுக்க அந்த இரண்டாவது விதம். ஏன் அப்படிக் கட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரில் நான் கடைசியாகக் கட்டிய தோரணம் என் மனைவிக்கு. அங்கே தென்னை இல்லை, சோளத் தாளை எடுத்துக் கிழித்து வாசலில் கட்டினேன். அவளுடைய ஆட்கள் அது என்னவென்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. கட்டிய கைக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

இதை மச்சாளிடம் சொன்னேன். அவள் எழுந்து போனாள். பிறகு உரப்பை ஒன்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள். இப்போது ஓலைக்குப் பதில் யூரியா வந்த வெள்ளைப் பையைத்தான் பாவிக்கிறார்களாம், அழுகாது. ஒரு கீற்றை எடுத்தாள், கீறினாள், மடித்தாள், குருவியை வைத்து இறுக்கினாள். கிணற்றடித் தொட்டிக்குள் விட்டு இழுத்துக் காட்டினாள். சுழன்றது. ஒவ்வொரு சுழற்சிக்கும் பளிச்சென்று வெட்டியது. என்னுடையதையும் விட்டு இழுத்தாள். அது தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக்கொண்டு வந்தது.

“ஆர் உங்களுக்கு இதைக் காட்டித் தந்தது, மச்சாள்? அண்ணையோ?”

“கொண்ணையோ! அவருக்கு ஒரு பூமாலை கட்டத் தெரியுமே? வெறும் ஓலையைக் கட்டிப்போட்டு மீன் போகுதில்லை எண்டு வந்து நிண்டார். குருவி மடிச்சுக் கட்டிக் குடுத்தது நான். அவர் கயிறு திரிச்சார். நீர் என்ன செய்தனீர்?”

“சொறிக்குக் கண் இல்லை எண்டு கண்டது நான்.”

“ஓ, பெரிய வேலை. எல்லாருக்கும் தெரிஞ்சதை நீர் வாய் திறந்து சொன்னனீர்.”

“சொல்லாட்டில் ஆர் கயிறு திரிச்சிருப்பினம்? ஆர் குருவி மடிச்சிருப்பினம்?”

மச்சாள் அடுத்த கீற்றை எடுத்தாள். “அதுவும் சரிதான்” என்றாள். “நீர் சொல்லித்தான் அவர் துவங்கினவர். ‘தம்பி சொல்லுறான்’ எண்டு சொல்லிக்கொண்டுதான் வந்தவர்.”

இதைச் சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவள். எனக்கு அந்தக் கிழமையின் வீக்கம் முழுவதும் வற்றிவிட்டது.

*

கை சரியானதும் இரண்டு பேரும் கச்சாய்க்குப் போனோம். வழியில், வரணிக்குக் கிட்ட, பஸ்ஸுக்குச் சில்லுக் காற்றுப் போனது. மச்சாள் இறங்கிப் பனை நிழலில் கருவாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள். சில்லு மாற்றி முடிக்குமுன் பாதிப் பெட்டி விற்றுவிட்டது, நடத்துனரும் வாங்கினார்.

யோகன் கயிற்றை எடுத்து வந்தான். இந்தத் தடவை நான் தண்ணீரில் இறங்கவில்லை, மச்சாள் இறங்க விடவும் இல்லை. கரையில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் தடித்த காற்சட்டை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து நடந்தார்கள். வெள்ளைக் குருவிகள் தண்ணீருக்குள் சுழன்று சுழன்று போயின. சொறிக் கூட்டம் அசையவில்லை, கயிறு அதன் மேலால் ஏறி இறங்கிப் போனது. அதற்கு முன்னால், சலசலவென்று, மணலை என்னும் மீன்கள் துள்ளித் துள்ளி வலைப் பக்கம் ஓடின. வலையைத் தூக்கினால் மீன். ஒன்றிரண்டு சொறிதான், தவறி வந்தவை.

மச்சாள் கரையிலிருந்து உரத்துக் கத்தினாள்: “டேய் யோகன்! இந்தக் கயிறு இவர் சொல்லித்தான் கட்டினது. என்ரை மனிசன் தனிய இல்லை. நானும் இருக்கிறன். பேரைச் சரியாச் சொல்லுங்கோ!”

“அப்ப என்னெண்டு சொல்லுறது மாமி? கந்தையர், இராசம்மா, செல்லத்துரை கயிறெண்டோ?” என்று அவனும் கத்தினான். “சொல்லி முடிக்க மீன் போயிடும்!”

சிரிப்பு தண்ணீரில் போய் வெகுதூரம் கேட்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மீன் போனால் அடுத்த முறை வரும்.

“ஆமையளை எல்லாம் நீங்கள்தான் கறியாக்கித் திண்டு முடிச்சனீங்கள்” என்று மச்சாள் அவனை விடாமல் பிடித்தாள். “அதுகள் இருந்தால் சொறியைத் திண்டிருக்கும். கயிறும் தேவையில்லை, சண்டையும் தேவையில்லை.”

“அப்புவும் திண்டவர்தானே அந்தக் காலத்திலை?” என்றான் யோகன்.

தின்றேன். நல்ல ருசி. அதை ஏன் மறைக்க வேண்டும்?

*

புறப்படும் நாளில் மச்சாள் ஒரு சாக்கு நிறையக் குருவி மடித்த கீற்றுகளைக் கட்டித் தந்தாள். பஸ் வந்தது. எங்கள் ஊரில் போகிறவன் போகிறேன் என்று சொல்வதில்லை.

“வாறன், மச்சாள்.”

“ஓம். உந்தச் செருப்பையாவது துலைக்காமல் போம்.”

நான் கருங்கடல் கரைக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. பாதை அடைபட்டது. எழுதிப்போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. எழுதத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துத்தான் அவற்றை எழுதுவித்தேன், தமிழ் எழுத்து அடுத்த நகரத்தில் ஒரே ஒரு கப்பல்காரனுக்குத்தான் தெரியும்.

குளிர்காலம் வந்தது. நெத்தலி கொஞ்சம்தான் வந்தது, சொறியோடு கலந்தே வந்தது. இரண்டு வள்ளங்களில் கயிற்றைக் கட்டி, கீழே ஈயமும் மேலே மிதவையும் போட்டு, மச்சாளின் குருவிகளை இறக்கினேன். மூத்தவன் ஒரு வள்ளத்தில், நான் மற்றதில். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. கயிறு சிக்கிவிட்டது, இளையவன் என் மொழியில் எனக்கே தெரியாத கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான், எங்கே பொறுக்கினானோ. இரண்டாவது இழுப்பில் கடலுக்குள் ஒரு கறுப்பு நிழல் விலகியது. சொறியை விட்டு நெத்தலிக் கூட்டம் தனியாகப் பிரிந்து, சுற்றுவலைப் பக்கம் நெளிந்து நெளிந்து போனது. வலையைத் தூக்கியபோது வெள்ளி மாதிரிக் கொட்டியது. மூத்தவன் வலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “போதும்” என்றான். தமிழில். அம்மாவிடமிருந்து கேட்டது. தேநீர்க் கடைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எல்லா நாளும் அப்படி வரவில்லை. கடலில் சொறி இன்னும் இருக்கிறது, அதை ஒழித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒழிக்கும் வழியைப் படித்தவர்கள் தேடட்டும். அதுவரை கிடைக்கும் மீனைச் சொறியிலிருந்து பிரித்து எடுக்க ஒரு கயிறு இருக்கிறது. இப்போது அந்தத் துறைமுகத்தில் கயிறில்லாத வள்ளம் இல்லை.

இவ்வளவும் எழுதுவிப்பதற்குக் காரணம் துறைமுக வாசலில் வைத்திருக்கும் பலகை. அதில் எஞ்சினியர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. கீழே, இதைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர். சிரித்துக்கொண்டு நின்ற ஆள் இப்போதும் அதே சிரிப்போடு நிற்கிறார். கச்சாய்க் கரையில் அண்ணன் பெயர், இங்கே எஞ்சினியர் பெயர்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கச்சாய்ப் பக்கம் போகக் கிடைத்தவர்கள், கயிறு திரித்தவர் கந்தையர், குருவி மடித்தவர் இராசம்மா, சொறிக்குக் கண் இல்லை என்று கண்டவர் செல்லத்துரை என்று அங்கே சொல்ல வேண்டும். துறைமுகப் பலகையில் எஞ்சினியருடைய படம் இருக்கட்டும், எடுக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கீழே எங்கள் மூன்று பேரையும் போட வேண்டும், என்னுடையதைப் பருத்தித்துறைச் செல்லத்துரை என்று ஊரோடு சேர்த்து, தமிழ் எழுத்தில் போட வேண்டும். அந்த ஊரில் அதை வாசிக்கத் தமிழ் தெரிந்த ஆள் இல்லையே என்று எஞ்சினியர் கேட்கிறார். நான் இருக்கிறேன். ஒவ்வொரு காலையும் அந்த வாசலால்தான் போகிறேன்.